எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது?



இம்மாதப் பாடம் உங்களில் சிலருக்குச் சங்கடமாயிருக்கலாம். ஆண்பிள்ளை என்று வளர்க்கப்பட்ட பிள்ளை தன்னைப் பெண் என்று உணருவதும், பெண்பிள்ளை என்று வளர்க்கப்பட்ட பிள்ளை தன்னை ஆண் என்று உணருவதும் நம்முடைய குடும்பங்களிலும் நடக்கிறது. முன்னவரைத் திருநங்கை என்றும் பின்னவரைத் திருநம்பி என்றும் அழைக்கிறோம். இரண்டிலும் அடங்காதவர்களும் உண்டு. இப்படிப்பட்ட வாலிபப் பிள்ளைகளின் சரீர சுகத்தையும் மனநலத்தையும் குறித்து, வார்டுகளில் நான் கண்டதையும் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன், நான் அப்போது ஊழியம் செய்த ஆஸ்பத்திரிக்குப் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்றை நள்ளிரவில் கொண்டுவந்தார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற பிள்ளை. மூன்றாம் நாள்தான் தெளிவு வந்தது. தாயார் என்னைத் தேடி வந்து, "ஐயா, இவன் பொம்பளப் பிள்ளை மாதிரியே நடக்கிறான். அந்த நினைப்பு இவனை விட்டுப் போகணும்னு ஜெபம் பண்ணுங்க" என்று அழுதார்கள். நானும் கட்டிலருகே நின்று, தலையில் கை வைத்து, தாயார் சொன்னபடியே ஜெபித்தேன். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அதன்பின் நான் போகும்போதெல்லாம் தூங்குவதுபோலக் கிடந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளன்று இரவு டியூட்டி சிஸ்டர் ஒருவர் என்னிடம், "ஐயா, நீங்க கூப்பிடுற பேருக்கு அது திரும்பாது. அதுக்கு வேற பேரு உண்டு" என்றார். அந்தச் சிஸ்டருக்கு மட்டுமே அவள் தன் பெயரைச் சொல்லியிருந்தாள். செமினரியில் படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு, கட்டிலில் கிடக்கிறவரிடம் முதலாவது பெயரைக் கேட்க வேண்டும் என்பது தோன்றவில்லை.

இது வியாதியா என்று பெற்றோர் கேட்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்று, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில், இதை மனநோய்களின் வரிசையிலிருந்து எடுத்துவிட்டது. மருத்துவ உதவி தேவைப்படலாம் என்பதற்காகப் பாலியல் நலம் சார்ந்த வேறொரு பிரிவில் வைத்திருக்கிறது. பிறக்கும்போதே உறுப்பமைப்பில் வேறுபாடு உள்ள குழந்தைகளின் காரியம் வேறு. அவர்களை இடைப்பாலினர் என்கிறோம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் படித்தவர்களிலும் அநேகர்.

மனநோய் இல்லையென்றால் இந்தப் பிள்ளைகளிடத்தில் இவ்வளவு மனச்சோர்வும் தூக்கமின்மையும் தற்கொலை எண்ணமும் ஏன்? பருவ வயதில் தன் சரீரம் தனக்கு வேண்டாத திசையில் மாறுவதைக் காண்பது ஒரு வேதனை. அதைவிடப் பெரிய பங்கு வெளியிலிருந்து வருகிறது. வகுப்பில் பட்டப்பெயர், பஸ்ஸில் கை, வீட்டில் அப்பாவின் பெல்ட். 2016-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் 3 முதல் 12 வயது வரையுள்ள 73 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். தாங்கள் உணரும் பாலிலேயே வாழும்படி வீட்டார் துணைநின்ற பிள்ளைகள் இவர்கள். மற்றப் பிள்ளைகளைவிட இவர்களிடம் மனச்சோர்வு அதிகமாயில்லை. மனப்பதற்றம் மட்டும் சற்றுக் கூடுதல். 2018-ல் வெளியான இன்னோர் ஆய்வில் 129 இளைஞரிடம், நீங்கள் தெரிந்துகொண்ட பெயரால் வீடு, பள்ளி, வேலைத்தலம், நண்பர்கள் என எத்தனை இடங்களில் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டார்கள். அப்படிக் கூப்பிடும் இடம் ஒன்று கூடினால் தற்கொலை எண்ணம் 29 சதவீதம் குறைவாய்க் காணப்பட்டது. இவை அயல்நாட்டுக் கணக்குகள், எண்ணிக்கையும் பெரிதல்ல. பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வீடு மற்றக் காரியங்களிலும் அன்பான வீடாயிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் இதைப் படித்தபோது எனக்கு அந்த இரவு டியூட்டி சிஸ்டரின் ஞாபகம் வந்தது.

சரீர சுகத்தைப் பற்றி டாக்டர்கள் சொல்வது பெரும்பாலும் சின்னக் காரியங்களிலிருந்து தொடங்குகிறது. பள்ளிக்கூடக் கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் பக்கம் போனால் கேலியும் அதற்கு மேலும். பெண்கள் பக்கம் போக அனுமதியில்லை. ஆகவே பிள்ளை காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, சாயங்காலம் வரை அடக்கிக்கொள்கிறது. நீர்க்கடுப்பு, காய்ச்சல், இடுப்பு வலி என்று வருகிறது. மாத்திரை கொடுத்து அனுப்புகிறோம், அடுத்த மாதம் மறுபடியும் வருகிறது. கழிப்பறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

திருநம்பிப் பிள்ளைகள் மார்பை மறைக்கக் கிரேப் பேண்டேஜ் துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு அப்படியே தூங்கவும் செய்கிறார்கள். மூச்சு முட்டலும் விலா எலும்பு வலியும் தோலில் புண்ணும் இதனால் வரும். இதற்கென்றே தைத்த, அளவான உள்ளாடையை ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் போடாமல், படுக்கும்போது கழற்றிவிடும்படி டாக்டர்கள் சொல்கிறார்கள். திருநங்கைப் பிள்ளைகளோ ஒருவருக்கொருவர் கேட்டு, மெடிக்கல் ஷாப்பில் கருத்தடை மாத்திரைகளை வாங்கி, சீக்கிரம் பலன் வேண்டுமென்று இரண்டு மூன்றாய் விழுங்குகிறார்கள். அதிலுள்ள ஹார்மோன் ரத்தத்தை உறையச் செய்யலாம். புகைபிடிக்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று நெஞ்சு வலித்து மூச்சு வாங்கினாலோ உடனே கொண்டுவர வேண்டும். முறையான ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் முதல் வருஷத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ரத்தப் பரிசோதனை தேவை. மருந்துக் கடையில் இதைச் சொல்வாரில்லை.

வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைக்கு என்ன நேரிடுகிறது என்பதை விவரிக்கத் தேவையில்லை. பயிற்சியில்லாத கைகளால் செய்யப்படும் அறுவையில் ரத்தம் போவதும், பிற்பாடு சிறுநீர்ப்பாதை சுருங்கி அவதிப்படுவதும், தொழிலில் தள்ளப்பட்டு எச்.ஐ.வி. தொற்றுவதும் நாம் அறிந்தவையே. தமிழ்நாட்டில் 2008-ல் நலவாரியம் ஏற்பட்டது, அரசு ஆஸ்பத்திரிகளில் பெரியவர்களுக்கு இவ்வறுவை இலவசமாகவும் செய்யப்படுகிறது. ஆனால் ஊரில் அடிபட்டு ஓடிவந்த பதினைந்து வயதுக்கு அந்த வழியை யார் காட்டுவது?

வயது குறைந்தவர்களுக்கு எந்தச் சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. பருவ மாற்றத்தை நிறுத்திவைக்கும் ஊசியைப் பற்றி, 2024-ல் இங்கிலாந்தில் டாக்டர் ஹிலரி காஸ் தந்த அறிக்கை, அதன் நன்மைக்கான ஆதாரம் பலவீனமானது என்றது. அவ்வருஷமே அந்நாட்டில் அதை வழக்கமான சிகிச்சையாகக் கொடுப்பது நின்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமோ 2023-ல் தன் பழைய ஆதரவு நிலையையே உறுதிசெய்து, ஆதாரங்களை மறுபடி ஆராய்வதாகவும் அறிவித்தது. ஊசியையும் அறுவையையும் நிபுணர்கள் தீர்மானிக்கட்டும். பிள்ளையை அடிக்காதிருப்பதற்கும், சாப்பாட்டுத் தட்டை வைப்பதற்கும், கேட்கும் பெயரால் கூப்பிடுவதற்கும் எந்த நிபுணருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை.

மாற்றிவிடலாம் என்று வாக்குக் கொடுக்கிறவர்களைப் பற்றிக் கண்டிப்பாய்ச் சொல்ல வேண்டும். 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்டவர்களை மருத்துவத்தால் "மாற்ற" முயலுவதைத் தடைசெய்தார். அவ்வழக்கை விசாரிக்கையில், தனக்கே இதில் அறிவு போதாது என்று சொல்லி, ஒரு மனநல ஆலோசகரிடம் போய் அமர்ந்து கேட்டுக்கொண்டார். ஒரு நீதிபதி அப்படிச் செய்தது எனக்கு வெட்கத்தையும் ஆறுதலையும் ஒருமிக்கத் தந்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும், அத்தகைய சிகிச்சை செய்வது மருத்துவருக்கு ஒழுங்கீனம் என்று அறிவித்தது. பிசாசு பிடித்திருக்கிறது என்று பிள்ளையைக் கட்டிவைத்து உபவாசம் போடச் சொல்லும் கூட்டங்களுக்கும் இது பொருந்த வேண்டும். அங்கிருந்து நேரே அவசரப் பிரிவுக்கு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து, தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளப்படும், தண்டிக்கப்படுகிறதில்லை. பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற அரசின் இலவசத் தொலைபேசி எண் 14416. தமிழிலும் பேசுவார்கள், இரவிலும் எடுப்பார்கள்.

வேதம் என்ன சொல்கிறது என்று கேட்கும் பெற்றோருடன் நான் ஏசாயா 56-ஆம் அதிகாரத்தை வாசிப்பது உண்டு. உபாகமத்தின் பிரமாணப்படி சபைக்குப் புறம்பாக்கப்பட்டிருந்த அண்ணகருக்கு அங்கே கர்த்தர் வாக்குப்பண்ணுவது ஒரு பெயர். அப்போஸ்தலர் 8-இல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியனும் அண்ணகனே. நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு அவனை மந்திரி என்று சொல்லிவிடுகிறபடியால் பலர் அறியாமலே வாசித்துப் போகிறோம். அன்றைய அண்ணகரும் இன்றைய திருநங்கையரும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தை மூடி மறைத்துப் பிரசங்கிப்பதும் சரியல்ல. ஆயினும் புறம்பே நின்றவர்களுக்கு முதலாவது கொடுக்கப்பட்டது பெயர் என்பதை அந்தத் தாயாருக்கு நான் அன்று வாசித்துக் காட்டியிருக்கலாம்.

இப்போது நான் உட்காரும் இடத்தில், வெளிநோயாளர் சீட்டில் "கூப்பிடும் பெயர்" என்று ஒரு கோடு சேர்த்திருக்கிறார்கள். பெரும்பாலோர் அதை வெறுமையாய் விட்டுவிடுவார்கள். சென்ற மாதம் வயலிலிருந்து நேரே வந்தவர்போல் இருந்த ஒரு தகப்பனார் அந்தச் சீட்டை வாங்கி, ஜன்னலோரம் நின்று பூர்த்திசெய்துகொண்டிருந்தார். அந்தக் கோட்டில் வந்தபோது பேனாவை நிறுத்தி, துப்பட்டா போட்டுப் பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்: "உன் பேருக்குச் சின்ன ர-வா, பெரிய ற-வா?"