மாடு பெருகவில்லை, பால் பெருகியது

நம் நாட்டில் 1950-51ஆம் ஆண்டில் சுமார் 1 கோடியே 70 லட்சம் டன் பால் உற்பத்தியாயிற்று. 2018-19இல் இது 18 கோடியே 70 லட்சம் டன்னைத் தாண்டியது. அதாவது பதினொரு மடங்கு. ஆனால் பசுவும் காளையும் சேர்ந்த மாட்டினம், 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 15½ கோடியாக இருந்தது, 2019இல் 19 கோடிக்குச் சற்று மேல்தான். எருமைகள் மட்டும் 4 கோடியே 30 லட்சத்திலிருந்து 11 கோடியை எட்டின.

பிறகு இவ்வளவு பால் எங்கிருந்து வந்தது?

முதற் காரணம் சந்தை. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தால், கிராமச் சங்கத்தில் ஊற்றும் பாலுக்குக் கொழுப்புச் சத்தைப் பார்த்து விலை கொடுக்கும் முறை பரவியது. அதுவரை தலைக்குக் கிடைத்த பால் மொத்தத்தில் குறைந்தே வந்தது. 2023-24இல் அது நாளொன்றுக்கு 471 கிராம்.

மற்றொரு காரணத்தை நம் தொழுவத்திலேயே பார்க்கலாம். முன்பு ஏருக்கும் வண்டிக்கும் கவலை இறைக்கவும் காளை வேண்டும். காளைக் கன்றுக்காகவே பசு வளர்த்தார்கள். பால் உபரி வரவு. 1951இல் கறவைப் பருவப் பசுக்களைவிட வேலைக் காளைகளே அதிகம். மின் மோட்டாரும் டிராக்டரும் வந்த பின் காளைக்கு வேலை போயிற்று. 2019 கணக்கெடுப்பில் மாட்டினத்தில் நான்கில் மூன்று பங்கு பெண் இனம். அயலினமும் கலப்பினமும் சேர்ந்து 5 கோடி. நாட்டினமோ 2012ஐவிட 6 சதம் குறைந்தது.

இதில் சிறு விவசாயி கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நாட்டுப் பசு புறம்போக்கில் மேய்ந்து, வைக்கோலைத் தின்று, வீட்டுக்கு வேண்டிய பாலைக் கொடுத்தது. கலப்பினப் பசு அப்படிக் கொடுக்காது. பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு உடல் பராமரிப்புக்கு 1½ கிலோ, பாலுக்காக 2½ லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் 4 கிலோ, ஆக 5½ கிலோ அடர்தீவனம் வேண்டும். இதோடு 20 முதல் 25 கிலோ பசுந்தீவனம், ஐந்து கிலோ வைக்கோல். ஆகவே மாடு வாங்குமுன் கம்பு நேப்பியர் கரணை நட ஐந்து, பத்து சென்ட் நிலமும் தண்ணீரும் உண்டா என்று பார்க்க வேண்டும். பசுந்தீவனம் இல்லாமல் மூட்டைத் தீவனத்தை மட்டும் நம்பினால், பால் பணம் தீவனக் கடைக்கே போய்ச் சேரும்.

தண்ணீர் குறைந்த இடத்தில் இரண்டு கலப்பினத்துக்குப் பதில் ஒரு பசுவும் ஓர் எருமையும் போதும் என்பது என் கருத்து. எருமைப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 சதம், பசும்பாலில் 4. தமிழ்நாட்டில் எருமையை நாம் அவசரப்பட்டுக் கைவிட்டோம். 2019இல் சுமார் 5 லட்சமே மிஞ்சின.

லாபத்தை முடிவு செய்வது ஒரு நாள் கறவை மட்டுமல்ல, கன்று ஈனும் இடைவெளியும்தான். 13 மாதத்துக்கு ஒரு முறை ஈன வேண்டிய பசு 18 மாதம் எடுத்துக்கொண்டால், ஐந்து மாதத் தீவனம் வீண். ஈன்ற 60 முதல் 90 நாட்களுக்குள் பசு பருவத்துக்கு வருகிறதா என்று காலையும் மாலையும் கவனியுங்கள். கண்ணாடி போன்ற வழும்பும் அடிக்கடி கத்துவதும் அறிகுறிகள். காலையில் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் கருவூட்டல் செய்யலாம். தவறவிட்டால் மறுபடி 21 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் மாடு தின்றுகொண்டுதான் இருக்கும்.