கொடுமுடியிலிருந்து சிங்கப்பூரில் கடை: முதல்முறை இறங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் போகும் எள்ளும் தேங்காய்ப் பருப்பும் செக்கில் ஆடி எண்ணெயானால், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் வாங்க ஆள் உண்டு. அங்கே வேலைக்குப் போன கொடுமுடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடை ஆசை வருவது இயல்புதான். சரக்கும் முதலும் எப்படியோ புரண்டுவிடும். தடுக்கி விழும் இடம் பாஸ் எனும் வேலை அனுமதி.

1. முதலில் பாஸைப் பாருங்கள்

ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் அதில் குறித்த முதலாளியிடம், குறித்த வேலையை மட்டுமே செய்யலாம். சொந்தத் தொழில் கூடாது. வேறொருவர் தொழிலில் பங்கெடுக்கவும் கூடாது. என்ட்ரபாஸ் என்று ஒன்று உண்டு. அது புதிய தொழில்நுட்பமோ பெரிய முதலீட்டாளர் ஆதரவோ உள்ள நிறுவனங்களுக்கானது. எண்ணெய்க் கடைக்கு அதை நம்பி வேலையை விடாதீர்கள். உங்கள் கம்பெனி வழியாகவே எம்ப்ளாய்மென்ட் பாஸ் கேட்கலாம் என்றால், 2025 ஜனவரி முதல் அதற்கான மாதச் சம்பளம் குறைந்தது 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வயது கூடினால் இதுவும் கூடும். புள்ளிமுறைத் தேர்வு தனி. புதுக்கடை மாதாமாதம் அவ்வளவு தருமா என்று கணக்குப் போட்டுவிட்டு மேலே படியுங்கள்.

2. “பேருக்குத்தான்” என்றால் நின்றுவிடுங்கள்

பிஆர் எனும் நிரந்தரவாசம் வாங்கிய ஊர்க்காரர் பெயரில் கம்பெனி, பணம் உங்களுடையது: இந்த யோசனையை யாராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். வாய்ச்சொல்லுக்கே லட்சங்கள் கைமாறும் மண் நம்முடையது. அந்த நாணயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சிங்கப்பூர் கம்பெனிப் பதிவு அமைப்பான அக்ராவின் பதிவேட்டில் யார் பெயரில் பங்கு இருக்கிறதோ, கம்பெனி அவருடையது. மனஸ்தாபம் வந்தால் புகார் கொடுக்கப் போகும் உங்கள் பாஸ்தான் முதலில் கேள்விக்கு வரும். பணமும் போய், வேலையும் போய் ஊர் திரும்ப வேண்டியிருக்கும்.

3. கம்பெனி பதிவு

இது எளிது. பெயருக்கு 15 வெள்ளி, பதிவுக்கு 300 வெள்ளி. மூலதனம் 1 வெள்ளி இருந்தாலே போதும். பங்கு முழுவதையும் வெளிநாட்டவர் வைத்திருக்கலாம். உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவர் கட்டாயம். 6 மாதத்துக்குள் கம்பெனிச் செயலாளரையும் நியமிக்க வேண்டும். வெளிநாட்டவர் நேரடியாகப் பதிய முடியாது, பதிவுபெற்ற முகவர் வழியாகத்தான்.

4. ஊரிலிருந்தே தொடங்குங்கள்

பெர்மிட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். வீட்டில் அண்ணனோ தங்கையோ தங்கள் பெயரில் ஏற்றுமதி தொடங்கட்டும். ஐஇசி எனும் ஏற்றுமதி-இறக்குமதி எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் உரிமம் வேண்டும். மஞ்சள்தூளுக்கு நறுமணப் பொருள் வாரியப் பதிவும் வேண்டும். ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது விலை பேச உதவும். சிங்கப்பூரில் உணவுப் பொருளை இறக்க அந்நாட்டு உணவு முகமையின் உரிமமோ பதிவோ, கூடவே ஒவ்வொரு சரக்குக்கும் அனுமதியும் தேவை. இவற்றை ஏற்கெனவே கையாளும் இறக்குமதியாளரைப் பிடித்து, சிறிய சரக்காக அனுப்பிப் பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் போன முருகையா ராஜூ, தான் வேலை பார்த்த உணவகத்தையே 1947-இல் வாங்கிக் கோமள விலாஸ் ஆக்கினார். அன்றைய சட்டம் வேறு. தொழிலை உள்ளிருந்து கற்ற வரிசை இன்றும் பொருந்தும்.

5. பணம் அனுப்புதல்

பின்னாளில் கடைக்கு ஊரிலிருந்து பணம் வர வேண்டுமென்றால், இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். முதலீட்டுக்கு என்றால் 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட தொகையில் வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் எனும் வரியை முன்கூட்டியே பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டலாம், திருப்பித் தரவும் கேட்கலாம். அதுவரை அந்தப் பணம் கையில் இருக்காது. தோட்டத்துப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப் போகாதீர்கள். முதல் சரக்கு உங்கள் சேமிப்பிலிருந்தே போகட்டும்.