ஒலிச்சுவைஞரும் கானாப் பாட்டும்

இசையை நுகர்வார் இருதிறத்தர். பாட்டைக் கேட்பார் ஒரு திறத்தர். பாட்டு எவ்வாறு ஒலிக்கின்றது என்பதைக் கேட்பார் மற்றொரு திறத்தர். பின்னவரை ‘ஹைஃபை’ அன்பர் என்று உலகம் வழங்கும். மூல ஒலிக்குப் பெரிதும் உண்மையாய் நிற்பது என்பது அச்சொல்லின் கருத்து. யாம் அவரை ஒலிச்சுவைஞர் என்றே ஈண்டு வழங்குவோம். அவர்தம் சுவை எத்தகையது? பொதுமக்கள் பாட்டை, சிறப்பாக வடசென்னைக்கே உரிய கானாவை, அவர் இழித்துரைப்பது எவ்வளவில் பொருந்தும்? இவற்றை ஆராய்வதே எம் நோக்கம். இப்பொருளை யாம் நூலகத்தில் கண்டெடுத்தோம் அல்லோம். இராயபுரத்தில் எம் அம்மான் இல்லத்து மாடியறையிற் கண்டெடுத்தோம்.

அம்மான் துறைமுகத்திற் கிரேன் இயக்கி ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து பிற்பகலில் அவ்வறையில் ஐவர் கூடுவர். எண்ணூர் அனல்மின் நிலையத்திற் பணியாற்றியவர் ஒருவர். திருவொற்றியூரிற் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர். ஏனையோர் துறைமுகத் தோழர். அவர்தம் கருவிகள் பெரும்பாலும் பழையன. கப்பலிற் சென்று வந்தோர் கொணர்ந்த ஜப்பானிய ஆம்ப்ளிஃபையரும், பர்மாவிலிருந்து திரும்பியோர்க்கென 1969-இல் அமைந்த பர்மா பஜாரில் வாங்கிய டேப் ரிக்கார்டரும், ரிச்சி தெருவில் உறுப்பு உறுப்பாகத் தேடிச் சேர்த்துத் தாமே பெட்டி அடித்துப் பூட்டிய ஸ்பீக்கரும் அங்கே உள. பழைய இசைத்தட்டுகள் மலிந்து கிடந்த மூர் மார்க்கெட்டு 1985-இல் தீக்கிரையானதை, உறவினர் ஒருவர் இறந்ததைச் சொல்வார்போல் இன்றும் சொல்லுவர். கடற்காற்றின் உப்பினாற் செம்புக் கம்பி முனைகளிற் பச்சை பூக்கும். அதனை வாரந்தோறும் ஸ்பிரிட்டால் துடைப்பது அம்மானுக்கு ஒரு நோன்பு. எண்ணூர்ச் சாலையிற் கண்டெய்னர் லாரி செல்லுந்தோறும் இசைத்தட்டின்மேல் முள் நடுங்கும். ஆதலின் சன்னல்கள் அடைபட்டே இருக்கும். மின்விசிறியின் இரைச்சலும் ஆகாது. சித்திரை மாதத்திலும் ஆகாது. இசைக்காக வியர்வை சிந்துவார் பாடுவோர் மட்டுமல்லர் என்பதை யாம் அறிந்தது அவ்வறையிலேதான்.

இனி அவர் விரும்பிக் கேட்பன யாவை எனின், இளையராஜாவின் பழைய எல்.பி. தட்டுகள் முதலிடம் பெறும். 1978-இல் வெளிவந்த ‘ப்ரியா’ படப் பாடல்களே ஸ்டீரியோ முறையிற் பதிவான முதல் தமிழ்ப் பாடல்கள் என்று அவர் கொண்டாடுவர். அவருடைய ‘ஹவ் டு நேம் இட்’ (1986), புல்லாங்குழல் வல்ல ஹரிபிரசாத் சௌராசியாவுடன் அவர் செய்த ‘நத்திங் பட் விண்ட்’ (1988) என்பன அடுத்து வரும். பின்னர் 1992-இல் வந்த ‘ரோஜா’. மேல்நாட்டு இசையில் டயர் ஸ்ட்ரெயிட்ஸ் குழுவினரின் 1985 ஆம் ஆண்டுத் தொகுப்பும், ஈகிள்ஸ் குழுவினர் 1994-இல் மேடையில் வாசித்துப் பதிந்ததும் தவறா.

இப்பட்டியலை நெடுநாள் நோக்கி யாம் ஒன்று கண்டோம். இவற்றுட் பல சிறந்த இசையே, ஐயமில்லை. ஆயின் அவை அவ்வறைக்குள் புகுந்தமைக்குக் காரணம் அச்சிறப்பு அன்று. தனித்து ஒலிக்கும் நரம்பு, மூச்சும் கேட்கும் பெண்குரல், இடமிருந்து வலம் நகரும் தாளம் ஆகியவை கருவியின் ஆற்றலைப் புலப்படுத்துவன. ஆதலின் அவை இடம் பெற்றன. பல சமயம் பாட்டு முழுதும் ஓடாது. “கேட்டீரா, தபலாவின் இடக்கை!” என்று ஒருவர் சொல்லுவார், முள் தூக்கப்படும், கம்பி மாற்றப்படும், அதே இருபது நொடி மறுபடியும் ஓடும். பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லைப்போலப் பாட்டு அங்கே பயன்படுகின்றது. பொன் யாது எனின், ஆம்ப்ளிஃபையரே.

பிற இசைவகைகளைப் பற்றி அவர் கூறுவனவற்றுள் உண்மை இல்லாமற் போகவில்லை. இக்காலத் திரைப்பாட்டுகளில் மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடையே உள்ள தொலைவு நெருக்கப்பட்டு, எல்லாம் ஒரே உரப்பில் முழங்குகின்றன என்பர். அது மெய். கைப்பேசியிலும் காரிலும் கேட்பார்க்கு உரத்த பாட்டே முந்திச் செவியில் விழும் என்று கருதிப் பதிவாளர் அவ்வாறு செய்கின்றனர். குறுந்தகட்டில் ஏறத்தாழ 96 டெசிபெல் அளவு மென்மையும் வன்மையும் வேறுபட இடம் இருந்தும், அதனுட் சிறு பகுதியே பயன்படுகின்றது. குத்துப்பாட்டைப் பற்றியும், எம் ஆலயப் பாடகர் குழுவின் கீபோர்டுத் தாளத்தைப் பற்றியும் அவர் உரைப்பனவற்றை ஈண்டு எழுதாது விடுகின்றோம். பாடகர் குழுவில் எம் நண்பர் பலர் உளர்.

நிற்க. கானாவைப் பற்றி அவர் கூறுவது வேறு வகை. ஏனைய பாட்டுகளைத் தீய பதிவு என்பர். கானாவை இசையே அன்று என்பர். “தமிழ் பயில்கின்றாயே, நீயே சொல், அதில் இசை எங்கே இருக்கிறது?” என்று அம்மான் ஒருநாள் எம்மை வினவினார். பிறர் சிரித்தனர். யாமும் சிரித்தோம். அச்சிரிப்பை நினைந்து நாணியே இதனை எழுதுகின்றோம்.

கானா என்பது வடசென்னையின் உழைக்கும் மக்கள், அவருள்ளும் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர், தமக்கெனத் தாமே ஆக்கிக்கொண்ட பாட்டு. துறைமுகம், இரயில், ரிக்ஷா, சிறை, காதல், கடன், சாவு எல்லாம் அதன் பொருளாம். தெலுங்கும் உருதும் ஆங்கிலமும் விரவிய சென்னைத் தமிழ் அதன் மொழி. பெரிய கருவி வேண்டுவதில்லை. டோலக்கு இருந்தால் நன்று. இல்லையெனின் பானை, பெஞ்சுப் பலகை, தீப்பெட்டி எதுவும் தாளமாம். (திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை இருந்ததை எண்ணுங்கால், அவ்வூர் பாட்டுக்குக் கருவியும் செய்து தந்தது எனலாம்.) சாவு வீட்டில் இரவு முழுவதும் விழித்திருப்போர்க்குத் துணையாக இறந்தவன் பெயரையும், தொழிலையும், அவன் நட்பையும் வைத்துப் பாடுவது கானாவின் தலையாய வகை. தேவா 1990-களில் அதனைத் திரையில் ஏற்றினார். 2012-இல் வந்த ‘அட்டகத்தி’யிற் கானா பாலாவின் குரல் தமிழ்நாடெங்கும் ஒலித்தது. 2018 ஜனவரியில் இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் முன்னின்ற ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு கீழ்ப்பாக்கத்தில் முதன்முறை மேடையேறியது. அக்குழுவிற் பாடிய வடசென்னைப் பெண் இசைவாணி, 2020-இல் பி.பி.சி. வெளியிட்ட உலகப் பெண்கள் நூற்றுவர் பட்டியலில் இடம்பெற்றார்.

தமிழ் பயில்வோர்க்கு இவ்வகைப் பாட்டு புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலிற் பண்ணத்தி என ஒன்று கூறுகின்றார். அதற்கு உரை வகுத்த பேராசிரியர், எழுதிப் பயிலும் வழக்கம் இல்லாத புறவழக்குப் பாட்டுகளை அது குறிக்கும் என விளக்கி, மோதிரப்பாட்டு, கடகண்டு முதலிய பெயர்களையும் எடுத்துக் காட்டுகின்றார். ஏட்டில் ஏறாதவற்றுக்கும் இலக்கணத்தில் இடம் வைத்தனர் நம் முன்னோர் என்பது இதனாற் பெறப்படும். அந்த மோதிரப்பாட்டு நமக்குக் கிடைத்திலது. எழுதி வைப்பார் இல்லாமையால் பெயர் மட்டும் எஞ்சிற்று. அஃதன்றியும், இறந்தார் பொருட்டு எஞ்சினோர் புலம்புவதைக் கையறுநிலை என்னும் துறையாக்கி, பாரிமகளிர் பாட்டை யாம் தேர்வுக்குப் படிக்கின்றோம். இரண்டு தெரு தள்ளி ஒரு கூலியாளன்மேல் ஒருவன் பாடுங்கால் மட்டும் அது துறை அன்று, கூச்சல் என்கின்றோம். வேறுபாடு பாட்டில் உள்ளதோ, இறந்தவன் நிலையில் உள்ளதோ? நிலையாமையைப் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபு அடங்கிய தர்காவும் எம் இராயபுரத்திலேயே உளது. அவர் பாடல்களுக்கும் சாவுக் கானாவுக்கும் பொருளளவில் தூரம் மிகுதியில்லை.

அற்றேல், ஒலி செவ்விதாக இருத்தல் வேண்டாவோ எனின், வேண்டும். ஆயின் கருவி தன் எல்லையைப் பாட்டின் எல்லையாக்கிவிடும் என்பதை மறத்தலாகாது. 1902-இற் கல்கத்தாவிற் கௌஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடியபோது மைக் என்பது இல்லை. ஒரு பெருங்குழலின் வாயிற் பாடவேண்டும். ஏறத்தாழ மூன்று மணித்துளிக்குள் முடிக்கவும் வேண்டும். மணிக்கணக்கில் விரியும் இராகம் ஒரு தட்டின் பக்கத்துக்கு ஒடுங்கியது. எடிசன் நிறுவனத்தார் 1915 முதற் சில ஆண்டுகள் ஒரு சோதனை நடத்தினர். மேடையிற் பாடகி பாடுவாள், பொறியும் பாடும், இடையில் விளக்கு அணையும், பாடுவது எது எனக் கேட்போர் மயங்குவர். பொறி அவ்வளவு உண்மையானது என்று விளம்பரம் செய்தனர். பாடகியர் பொறியின் குரலுக்கு ஒத்திருக்குமாறு தம் குரலை அடக்கிப் பாடினர் என்பது பின்னர் வெளிப்பட்டது. மூலத்துக்கு உண்மையாக நின்றது பொறியா, பொறிக்கு உண்மையாக நின்றது மூலமா?

தெருவிற் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியை எண்ணுக. மனிதச் செவி 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பர். கூம்போ அடியொலியையும் உச்சியொலியையும் கைவிட்டு நடுவொலியை மட்டும் எறியும். அம்மான் அதனை வெறுப்பதற்கு அது போதும். ஆனால் மனிதப் பேச்சின் சொற்கள் விளங்குவது அந்நடுவொலியிலேதான். ‘ஹவ் டு நேம் இட்’டைக் கூம்பில் இட்டால் எஞ்சுவது சிறிது; கானாவை இட்டால் இழப்பது சிறிது. என்னை? கானாவின் உயிர் சொல்லிலும், அச்சொல் தாளத்தின்மேல் விழும் இடத்திலும் உளது. மூடிய அறையில் ஒரு நாற்காலியில் ஒருவர் இருந்து கேட்கவென ஆக்கப்பட்டதன்று அது; தெருமுனையில் நிற்பானுக்கும் இன்னான் இறந்தான் என்று எட்டவேண்டிய பாட்டு.

கானாவிற் குறையில்லை என்று யாம் வாதிடவில்லை. யூடியூபில் இன்று மலியும் கானாக்களுட் பல பெண்டிரை இழித்துப் பாடுவன, வன்செயலைப் பெருமையாக்குவன. அவற்றைக் கேட்க எமக்கு ஒவ்வாது. ஆனால் அக்குறை பொருளைப் பற்றியது. அதனைச் சொல்லி வெறுத்தால் அது திறனாய்வு ஆகும். ஸ்பீக்கரைச் சொல்லி வெறுத்தால் ஆகாது.

இனி, நிகழ்ந்த ஒன்றைக் கூறவேண்டும். சென்ற ஆண்டு மழைக்காலத்தில், எம் அம்மான் வீட்டுக்கு எதிர்ச்சந்தில், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திற் பெட்டி தூக்கிய இளைஞன் ஒருவன் இறந்தான். எம்மினும் நான்கைந்து வயதே மூத்தவன். அன்றிரவு கானா பாடினர். மழையால் மின்சாரம் நின்றமையின் மைக்கும் கூம்பும் இல்லை. வாயும் பானையும் கையொலியுமே. அம்மான் சன்னலைத் திறந்தார். புதிதாக வாங்கிய பதிவுக் கருவியை அதன் விளிம்பில் வைத்து, “திறந்தவெளியில் எப்படி எடுக்கிறது என்று பார்ப்போம்,” என்றார். சாவு வீட்டின் இசைவு பெறாது அதனைச் செய்தோம். இது அம்மான் பிழை மட்டுமன்று. கருவியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் யாம்.

அடுத்த ஞாயிறு ஐவர்முன் அது ஓடியது. பதிவு மிகத் தெளிவாக வாய்த்திருந்தது. பாடுவோன் இடப்பக்கம், பானை வலப்பக்கம், மழைநீர் தகரக் கூரையினின்று சொட்டுவது மேலே. எல்லாவற்றுக்கும் பின்னால், இறந்தவன் பெயர் பாட்டில் வருந்தோறும், அவன் தாய் “ஆமாம்பா, ஆமாம்பா” என்று மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றிரவு எங்கள் செவிக்கு அது எட்டவில்லை, கருவிக்கு எட்டியிருந்தது. ஒருவரும் தபலாவைப் பற்றியோ கம்பியைப் பற்றியோ பேசவில்லை. அனல்மின் நிலையத்தவர் எழுந்து, “போதும், நிறுத்து,” என்றார். அம்மான் நிறுத்தவில்லை. பாட்டு முழுதும் ஓடிற்று. அவ்வறையில் ஒரு பாட்டு முழுதும் ஓடி முடிந்ததை யாம் அன்றுதான் கண்டோம்.

மறுநாள் அம்மான் எம்மை உடனழைத்துக்கொண்டு சந்துக்குச் சென்று, செய்ததைச் சொன்னார். அவ்வம்மை சினப்பாள் என்று அஞ்சியிருந்தோம். அவள் கேட்டது ஒன்றே: “என் புள்ள பேரு அதுல வருதா?” வருகின்றது என்றார். உறவுப் பையன் ஒருவனுடைய கைப்பேசியில் அதனை ஏற்றித் தந்தோம். அடியொலி சிறிதும் இல்லாத அச்சிறு ஸ்பீக்கரைக் காதோடு ஒட்ட வைத்துக்கொண்டு, வாயிற்படியில் இருந்து அவள் கேட்டாள். அம்மான் செருப்பைக் கழற்றாமல் வெளியே நின்றார். பாட்டு முடியும்வரை அவர் அங்கிருந்து நகரவில்லை.