லேபிள் தேய்ந்த தட்டு கைக்கு வந்தால்

சென்னையில் மூர் மார்க்கெட் இருந்த காலத்திலிருந்து அரக்கு ரெக்கார்டுகளோடு கிடக்கிறேன். புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பவை இவை.

1. வாங்கியதும் துடைக்காதீர்கள். ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். சிறுவயதில் ஒரு தட்டை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பஞ்சு கறுத்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். கரைந்து வந்தது அரக்கு. அதோடு பாட்டும் போயிற்று.

2. எழுத்து அழிந்திருந்தாலும் படத்தில் கொஞ்சம் மிஞ்சும். தட்டில் இறகால் எழுதும் தேவதைக் குழந்தை, கிராமபோன் கம்பெனியின் ஆரம்பகால முத்திரை. புனல் முன் நாய் எச்.எம்.வி. ஜோடி இசைக்குறி கொலம்பியா. தூண்களோடு நிற்கும் கட்டடம் ஓடியன். பார்த்ததும் கோயில் என்று எழுதிவிடாதீர்கள், அது பாரிஸ் நகரத்து நாடக அரங்கு.

3. என் அனுபவத்தில் இதுதான் முக்கியம். கோடுகள் முடிந்து லேபிள் தொடங்கும் இடத்தில் வெறும் அரக்கு வளையம் இருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தட்டோடு படுக்கவைத்து அடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத எண், சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழும்பும். அதுதான் மேட்ரிக்ஸ் எண். லேபிளில் இருப்பது விற்பனைக்கான எண். இது ஒலிப்பதிவுக்கு இட்ட எண். கிராமபோன் கம்பெனித் தட்டில் எண்ணை அடுத்துச் சின்ன முக்கோணம் இருந்தால் மின்சார ஒலிப்பதிவு, அதாவது 1925 அல்லது அதற்குப் பிந்தியது. அதற்கு முன் பாடியவர்கள் புனலுக்குள் முகம் வைத்துத் தொண்டை திறந்து பாடினார்கள். மின்சார ஒலிப்பதிவின் அதே அடையாளத்துக்கு, கொலம்பியாவில் வட்டத்துக்குள் டபிள்யூ எழுத்தைத் தேடுங்கள்.

4. லேபிள் பெயரும் தட்டு அழுத்திய ஆலையும் ஒன்றென்று நம்பாதீர்கள். 'தி ட்வின்' தனிக் கம்பெனி போலத் தோன்றும்; கிராமபோன் கம்பெனியின் மலிவு வரிசைதான் அது. சிறிய கம்பெனிகள் பலவும் அடுத்தவர் ஆலையில்தான் அழுத்தின. பெயர் தெரியாத லேபிள் வந்தால், எண்ணின் எழுத்துருவையும் விளிம்பின் வார்ப்பையும் தெரிந்த தட்டோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

5. ஒருபக்கத் தட்டா? பெரும்பாலும் மிகப் பழையது. பத்திரம்.

6. பாட்டு முடிந்ததும் ஊசியை எடுத்துவிடாதீர்கள். 1902இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான், முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். தட்டு அழுத்தியது ஜெர்மனியின் ஹானோவரில்; அங்கே யாருடைய குரல் என்று தெரியவேண்டுமே. 1908இல் கல்கத்தா சியால்டாவில் ஆலை வந்த பிறகுதான் இங்கேயே அழுத்தினார்கள். ஆரம்பகாலத் தட்டில் லேபிள் போயிருந்தால் அந்தக் கடைசி நொடிகளே பெயர்ச்சீட்டு.

7. லேபிள்மேல் கடைக்காரர் ஒட்டிய சீட்டைப் பிய்க்காதீர்கள். எந்த ஊரில் விற்றது என்பதற்கு அது சாட்சி. கண்டதை எழுத்துப் பிழையோடு அப்படியே நோட்டில் குறியுங்கள். படிக்க முடியாத எழுத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பவேண்டாம். அதே ஒலிப்பதிவு வேறு எங்காவது நல்ல லேபிளோடு கிடைக்கும்போது அந்தப் புள்ளியில் எழுத்து வந்து உட்காரும்.