மாத்திரைக்கு அடங்காத வலிப்பும் உணவு மருத்துவமும்

வலிப்பு பேயின் வேலையன்று. மூளை நரம்பணுக்களின் மின்னோட்டம் சிறிது நேரம் நிலைகுலைவதால் வருவது. மாத்திரை உண்பவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்கு அது அடங்கிவிடுகிறது. எஞ்சியோர் நிலை என்ன? தக்க மருந்துகள் இரண்டினை, உரிய அளவில், முறையாக உண்டும் வலிப்பு நில்லாவிடில், அதனை மருந்துக்கு அடங்காத வலிப்பு என மருத்துவர்கள் வகுத்துள்ளனர். 'முறையாக' என்பதை நாம் அழுத்திக் கூறுகிறோம். பிரட்டுக்கு ஓடும் அவசரத்தில் பிள்ளைக்குக் கொடுக்க மறந்த மாத்திரை, தோற்ற மருந்தாகக் கணக்காகாது.

நம் முன்னோர் மருந்தோடு பத்தியமும் வைத்தனர். இங்கோ பத்தியமே மருந்தாகிறது.

பட்டினி கிடந்தால் வலிப்பு குறைவதைப் பண்டையோரே கண்டிருந்தனர். ஆனால் எத்தனை நாள் பட்டினி கிடப்பது? 1921இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ரஸ்ஸல் வைல்டர் ஒரு வழி கூறினார். மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைப் பெருக்கினால், உண்டுகொண்டிருக்கும்போதே உடல் பட்டினியில் இயங்குவதுபோல இயங்கும். ஈரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் பொருளை ஆக்க, மூளை அதனை எரிபொருளாகக் கொள்ளும். 1938இல் ஃபெனிட்டோயின் மருந்தின் பயன் கண்டறியப்பட்டபின் இம்முறை ஒதுங்கியது. மாத்திரை விழுங்குவது எளிது. நிறுத்துச் சமைப்பது கடினமன்றோ! 1990களில் இது மீண்டும் உயிர்பெற்றது.

2008இல் இலண்டன் மருத்துவர்கள் 145 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வை வெளியிட்டனர். மூன்று மாதத்தில், இவ்வுணவு உண்டவர்களுள் 100க்கு 38 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது. உண்ணாதவர்களுள் 6 பேருக்கே குறைந்தது. சோறும் ரொட்டியும் உண்ணும் நம்மவர்க்கு இது ஒத்துவருமா என்று ஐயுறுவோர், புதுடில்லியில் இதன் எளிய வடிவத்தை 102 குழந்தைகளிடம் சோதித்து 2013இல் வெளியிட்ட ஆய்வை நோக்கலாம். அங்கும் உணவு உண்டவர்களுள் பாதிப் பேர் இப்பயனைப் பெற்றனர். மற்றப் பாதிப் பேருக்கு அந்த அளவு கிட்டவில்லை என்பதையும் மறைக்கலாகாது.

பழைய முறையில், கொழுப்பு 4 கிராம் எனில் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம்தான். டில்லியில் கையாண்ட எளிய முறையிலோ ஒரு நாளைக்கு 10 கிராம் மாவுச்சத்தே அனுமதி. ஒரு கிண்ணம் சோற்றில் 40 கிராமுக்கு மேல் உண்டு! ஆகவே சோறு, தோசை, டின்பால் கலந்த தேநீர் யாவும் விலகும். முட்டை, மீன், வெண்ணெய், எண்ணெய், கீரை ஆகியவை அளந்து இடம்பெறும். இருமலுக்கு வாங்கும் பாகு மருந்திலும் சீனி உண்டு. பாட்டி இரக்கப்பட்டுப் பேரனின் கையில் வைக்கும் ஒரு பிஸ்கட் பல நாள் உழைப்பைக் கெடுத்துவிடக்கூடும். வீட்டார் அனைவரும் உடன்படாமல் இது நடவாது.

தேங்காயெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கும் ஒருவகைக் கொழுப்பும் 1971 முதல் இம்மருத்துவத்தில் பயன்படுகிறது. அதனால் கடை எண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். கொழுப்பை எரிக்க இயலாத பிறவிக் கோளாறுடைய குழந்தைக்கு இவ்வுணவு உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் முதலில் இரத்தம் சோதிக்கின்றனர். மலச்சிக்கல், வாந்தி, சிறுநீரகக் கல், வளர்ச்சிக் குறைவு ஆகியவையும் நேரலாம். உயிர்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் மாத்திரைகளாகச் சேர்க்கவேண்டும். உணவு தொடங்கிய அன்றே வலிப்பு மாத்திரையை நிறுத்துவது பெருந்தவறு. அதைக் குறைப்பதும் விடுவதும் மருத்துவர் சொல்லும்போதுதான்.

இரண்டு மருந்துகளுக்கும் பிள்ளையின் வலிப்பு நிற்கவில்லையெனில், கிளினிக்கில் அடுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு அனுப்புமாறு கேளுங்கள். அங்கு உணவியலாளரையும் காண வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டில் வலிப்பு வந்த நாள், நேரம், நீடித்த நிமிடம் ஆகியவற்றை இன்றே எழுதத் தொடங்குங்கள். மூன்று மாதம் உணவு கொடுத்தபின் பயன் உண்டா இல்லையா என்று மருத்துவர் பார்க்கப்போவது அந்த நோட்டைத்தான்.