க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யலையா? ஸ்டியரிங்கைப் பிரிக்காதீங்க!

பைபாஸ்ல ஏறி, 80-ல போகும்போது செட் பட்டனை அமுக்கினா ஒண்ணும் நடக்கலை. உடனே 'சுவிட்ச் போச்சு'ன்னு தீர்ப்பு எழுதி, புது சுவிட்சுக்கு ஆன்லைன்ல ஆர்டரும் போட்டாச்சு. அப்படித்தானே தம்பி? முதல்ல அந்த ஆர்டரைக் கேன்சல் பண்ணுங்க. அமுக்குறது கையா இருந்தாலும், கோளாறு பெரும்பாலும் காலடியிலதான் இருக்கும். நான் சொல்ற வரிசையிலேயே பாருங்க. முதல் மூணுக்கும் பைசா செலவில்லை.

1. பட்டனை ஒழுங்கா அமுக்குறீங்களா?
கோவிச்சுக்காதீங்க, கேட்டுத்தான் ஆகணும். பல கார்கள்ல 40 கி.மீ. வேகத்துக்குக் கீழே க்ரூஸ் செட் ஆகாது. மெயின் பட்டனை ஆன் பண்ணாம செட்டை மட்டும் அமுக்கிட்டு இருக்கிறவங்களும் உண்டு. செக் இன்ஜின், ஏபிஎஸ் விளக்கு எரியுதான்னும் பாருங்க. எரிஞ்சா, நிறைய வண்டிகள்ல கம்ப்யூட்டரே க்ரூஸை நிறுத்தி வச்சிடும். அதைச் சரி பண்ணாம சுவிட்சை நோண்டி என்ன பிரயோஜனம்?

2. பிரேக் லைட்டைப் பாருங்க
இதுதான் முக்கியம். இருட்டினதும் வண்டியோட பின்பக்கத்தைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, ஹெட்லைட்டை அணைச்சிடுங்க. பிரேக்கை மிதிச்சா சுவர் சிவக்கணும், காலை எடுத்தா அணையணும். காலை எடுத்த பிறகும் எரிஞ்சா, நீங்க இன்னும் பிரேக் மேலதான் இருக்கீங்கன்னு வண்டி நினைக்குது. க்ரூஸ் எப்படி வரும்?

அப்படி இருந்தா டிரைவர் பக்க மிதியடியைப் பாருங்க. பொடிப்பொடியா பிளாஸ்டிக் துண்டு கிடக்குதா? பெடல் கம்பியில பிரேக் சுவிட்சோட முனை முட்டுற இடத்துல ஒரு சின்ன தக்கை இருக்கும். வருஷம் போகப் போக அது காய்ஞ்சு நொறுங்கி விழுந்திடும். அப்புறம் முனை தக்கை இருந்த ஓட்டைக்குள்ள புகுந்துக்கும், சுவிட்ச் அமுங்காது. ராத்திரி முழுக்க பிரேக் லைட் எரிஞ்சு காலையில பேட்டரியும் படுத்திடும். தக்கை கொசுறு விலைதான். அதைப் பார்க்காம ஸ்டியரிங் சுவிட்சையே மாத்தினவங்க எத்தனை பேர்!

லைட் ஒழுங்கா எரிஞ்சாலும் பிரேக் சுவிட்சை முழுசா நம்பாதீங்க. பல வண்டிகள்ல அதுக்குள்ள ரெண்டு கான்டாக்ட் இருக்கும். ஒண்ணு லைட்டுக்கு, இன்னொண்ணு க்ரூஸை வெட்டி விடுறதுக்கு. ஒண்ணு நல்லா இருந்து மற்றது கெட்டிருக்கலாம். கியர் வண்டின்னா கிளட்ச் பெடல்லயும் இப்படி ஒரு சுவிட்ச் உண்டு. அதை மறந்திடாதீங்க.

3. ஹாரன் அடிங்க
ஹாரன், ஆடியோ பட்டன், க்ரூஸ் எல்லாம் சேர்ந்து மக்கர் பண்ணுதா? முதல்ல ப்யூஸ். அது நல்லா இருந்து ஏர்பேக் விளக்கும் எரிஞ்சா, கிளாக் ஸ்பிரிங் மேலதான் சந்தேகம். ஸ்டியரிங் எவ்வளவு சுத்தினாலும் அறுந்துடாம கரண்டைக் கொண்டுபோற சுருள் நாடா அது. ஒரு பக்கம் ஒடிச்சா வேலை செஞ்சு, மறுபக்கம் ஒடிச்சா நின்னுபோனாலும் அதேதான்.

4. ஸ்கேனர் மாட்டுங்க
ஓபிடி ஸ்கேனர் வச்சிருக்கிற மெக்கானிக்கிட்ட 'லைவ் டேட்டா காட்டுங்க'ன்னு கேளுங்க. பட்டனை ஒவ்வொண்ணா அமுக்கும்போது திரையில மாறணும். மாறினா சுவிட்சும் வயரும் நல்லா இருக்கு. பி0571-ன்னு கோடு வந்தா பிரேக் சுவிட்ச் பக்கம் போங்க. கோடு வந்ததுமே பார்ட்ஸ் வாங்க ஓடாதீங்க. அது எந்த சர்க்யூட்னு மட்டும்தான் சொல்லும், வயர் அறுந்ததா சுவிட்ச் கெட்டதான்னு சொல்லாது.

5. கடைசியா மல்டிமீட்டர்
பட்டன் சுவிட்சை மீட்டர்ல அளக்க ஸ்டியரிங்கைப் பிரிக்கணும், அதுக்கு ஏர்பேக்கை எடுக்கணும். அது வெடிமருந்து வச்ச சாமான், விளையாட்டு வேண்டாம். பழக்கமில்லைன்னா எலக்ட்ரீஷியன்கிட்ட விட்டுடுங்க. அவரும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மேனுவல்ல சொன்ன நேரம் காத்திருந்துதான் தொடணும். மஞ்சள் கனெக்டர்ல மீட்டர் முனையை வைக்கவே கூடாது.

நிறைய வண்டிகள்ல ஒரே வயர்லதான் எல்லா பட்டனும் பேசும். பட்டனுக்கு ஒரு ரெசிஸ்டன்ஸ். அதை வச்சுத்தான் எதை அமுக்கினீங்கன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். க்ரூஸ் சுவிட்சோட கனெக்டரைக் கழற்றிட்டு ஓம்ஸ்ல வச்சு அளந்து, சர்வீஸ் மேனுவலோட ஒப்பிடுங்க. அமுக்கிப் பிடிச்சிருக்கும்போதே எண் குதிச்சா, கான்டாக்ட்ல அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் அடிச்சாலே சரியாகலாம்.

கிளாக் ஸ்பிரிங்கே மாத்த வேண்டி வந்தா, டயர் நேரா நிக்கும்போதுதான் மாத்தணும். ஸ்டியரிங்கைப் பூட்டுறதுக்கு முன்னாடி, 'நடுவுல வச்சாச்சா?'ன்னு மெக்கானிக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. தள்ளி வச்சா, முதல் யூ டர்ன்லயே அறுந்துடலாம்.