தனித்திருக்கும் சிறு பொழுது

மனிதர் யாவரும் ஒரே இயல்பினர் அல்லர். பலரோடு கூடிக் கதைப்பதால் உற்சாகம் பெறுவோர் ஒரு சாரார். அதே கூட்டத்திற் சில மணி நேரம் இருந்ததும் களைப்புற்று, சற்றுத் தனித்திருந்தாலே தெளிவடைவோர் மறு சாரார். சுவிற்சர்லாந்து உளமருத்துவர் கார்ல் யுங், 1921ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மன நாட்டம் செல்லும் திசையைக் கொண்டு மனிதரைப் புறமுகர், அகமுகர் என வகுத்தார். எவரிடமும் இவ்விரண்டும் கூடக்குறையக் கலந்தே இருக்கும்.

அகமுக இயல்பு வேறு, கூச்சம் வேறு. கூச்சமுடையவர் பிறர் தம்மை என்ன நினைப்பாரோ என அஞ்சுகிறார். அகமுகரோ அச்சமின்றி மேடையேறவும் வல்லவர். ஆனால் இறங்கியபின் அவருக்கு ஓய்வு வேண்டும்.

கனடா நாட்டு உளவியற் பேராசிரியர் பிறயன் லிற்றில் இதற்கு நல்ல உதாரணம். மாணவரைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் பேச்சாளரான அவர் தீவிர அகமுகர். இராணுவக் கல்லூரியொன்றில் உரையாற்றச் சென்றபோது, மதிய உணவுக்கு வருமாறு அதிகாரிகள் அழைத்தனர். பிற்பகலிலும் பேச வேண்டியிருந்ததால், கப்பல்களின் அமைப்பில் ஆர்வம் உண்டெனக் கூறி, அருகிலுள்ள றிச்சலியூ ஆற்றங்கரையில் தனியே உலாவினார். பின்னர் ஆறில்லாத இடத்துக்கு உரை மாற்றப்பட்டபோது கழிவறையில் ஒதுங்கியிருந்தாராம். அங்கும் கதவின் கீழே சப்பாத்தைக் கண்டு ஒருவர் கதைகொடுத்தாராம்! இத்தகைய இடங்களை மீட்சி தரும் ஒதுக்கிடங்கள் என அவர் குறிப்பிடுகிறார்.

அவர் சாக்குச் சொல்லி ஒளிய நேர்ந்ததே சிந்திக்கத்தக்கது. தனிமை கேட்பவரை நாம் தலைக்கனம் பிடித்தவர் என்று சொல்லிவிடுகிறோம். கலியாண வீட்டில் ஒரு பத்து நிமிடம் கிணற்றடியில் நின்றுவிட்டு வருபவர் எவரையும் அவமதிக்கவில்லை. மீண்டும் வந்து முகங்கொடுத்துப் பேசுவதற்கே அவர் ஒதுங்குகிறார். பாடசாலையால் வந்த பிள்ளையை உடனே கேள்வி கேட்டு ரியூசனுக்கு விரட்டாமல், தேநீர் கொடுத்துச் சற்றுச் சும்மா இருக்க விடுதல் நன்று.

அகமுகரும் முற்றாகக் களைக்கும்வரை காத்திருத்தலாகாது. வேலைகளுக்கிடையே சிறு இடைவேளை எடுத்து, கைத்தொலைபேசியை அப்பால் வைத்துவிட்டு அமைதியாக இருத்தல் வேண்டும். “பத்து நிமிடத்தில் வருகிறேன்” என்று வீட்டாருக்குச் சொல்லிச் சென்றால் மனக்கசப்பும் நேராது.

ஒன்றை மாத்திரம் மறத்தலாகாது. ஒருவர் உணவும் உறக்கமும் குறைந்து, விருப்பமானவற்றையும் வெறுத்து, இரு வாரங்களுக்கு மேலாக ஒதுங்கியிருப்பாராயின் அது இயல்பன்று. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அவரைத் தனியே விடாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். ஓய்வுக்காக ஒதுங்குபவர் தெளிந்த முகத்தோடு தாமாகவே திரும்பி வருவார். அதுவரை பொறுத்திருப்பது சுற்றத்தார் கடனாகும்.